"போர்டு போய்விட்டது" என்று சொல்லிப் பழைய லேப்டாப்பை விலைக்குக் கேட்கிறார்கள், கவனம்

ஆன் ஆகாத பழைய லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "மதர்போர்டு போய்விட்டது, இனி இது தேறாது, எங்களிடமே கொடுத்துவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் மெஷினைக் கையோடு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். (மதர்போர்டு என்பது உள்ளே மற்றப் பாகங்கள் மாட்டியிருக்கும் முதன்மைப் பலகை.) தாம்பரத்தில் ஒரு கடையில் என் அக்காவுக்கு நடந்தது இது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

அக்கா வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாள். அவளுடையது பத்து வருடத்துக்கு மேல் ஓடிய லேப்டாப்: மூன்றாம் தலைமுறை ஐ5 பிராசசர், 4 ஜிபி ரேம் (மெமரி அட்டை) இரண்டு, பிற்பாடு மாற்றிய எஸ்எஸ்டி (டேட்டாவைச் சேமிக்கும் டிஸ்க்). கேள்வித்தாள்கள் மொத்தமும் அதில்தான். திடீரென்று ஒரு நாள், பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

கடைக்காரர் முதலில் 1,500 ரூபாய் ஆகும் என்றார். ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டு. அதில் "லேப்டாப், நோ டிஸ்ப்ளே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கூடவே விண்டோஸ் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். திரையே வராத மெஷினுக்கு விண்டோஸ் பாஸ்வேர்டு எதற்கு? இந்தக் கேள்வி ஒன்றே போதும், அந்தக் கடையை எடைபோட. திரை வராத கோளாறைப் பார்க்க எஸ்எஸ்டிகூட உள்ளே இருக்கத் தேவையில்லை. டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஆன் செய்தாலும் நல்ல மெஷினில் படம் வரும். பூட் செய்ய டிஸ்க் இல்லை என்று திரையிலேயே எழுதிக் காட்டும். ஆகவே கடையில் கொடுக்கும் முன் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பழைய மாடல்களில் பெரும்பாலும் சில ஸ்குரூக்கள்தான்.

பிறகு தொலைபேசி வந்தது. போர்டு ஷார்ட் ஆகிவிட்டது, சிப் லெவலில், அதாவது போர்டில் இருக்கும் சின்னச் சின்னப் பாகங்களையே சோதித்துச் சரிசெய்ய வேண்டும், 6,500 ஆகும் என்றார். அக்கா தயங்கியதும் குரல் இனித்தது. "இவ்வளவு செலவு எதற்கு மேடம்? இதை 1,500க்கு நானே எடுத்துக்கொள்கிறேன். 18,000க்கு நல்ல ரீஃபர்பிஷ்டு மெஷின் தருகிறேன், டேட்டாவையும் மாற்றித் தருகிறேன்." தூண்டிலில் புழு இதுதான். எதற்குமே உதவாத மெஷினுக்கு யாரும் 1,500 கொடுப்பதில்லை. பிழைக்கும், இல்லையென்றால் பாகங்களாவது விலைபோகும் என்று தெரிந்துதான் விலை பேசுகிறார்கள்.

வேண்டாம் என்று திரும்பக் கேட்டபோது, பிரித்துப் பார்த்ததற்கு 500 ரூபாய் என்றார். யுபிஐயில் கட்டிவிட்டு அக்கா மெஷினை என்னிடம் கொண்டுவந்தாள். அடிப்பக்கத்தில் இரண்டு ஸ்குரூ காணோம்.

நான் அதைச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். ரிச்சி தெரு என்றாலே பர்ஸைப் பிடித்துக்கொள்ளச் சொல்பவர்கள் உண்டு. ஒரு மாடிப்படிக்குக் கீழே மேஜை போட்டிருந்தவர் என்னை எதிரிலேயே உட்காரவைத்து வேலையைத் தொடங்கினார். மல்டிமீட்டரை அடாப்டர் முனையில் வைத்தார், 19.5 வோல்ட் சரியாக இருந்தது. பேட்டரியையும் அடாப்டரையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். போர்டில் தங்கிய மின்சாரம் இறங்குவதற்காக. இதை வீட்டிலேயே எவரும் செய்யலாம், காசு செலவில்லை. வெளி மானிட்டரை மாட்டிப் பார்த்தார். அதிலும் படம் இல்லை என்றதும், திரையில் குறை இல்லை, உள்ளேதான் என்று சொல்லி அடிமூடியைத் திறந்தார்.

திறந்ததும் கேட்டார்: "சார், ஒரு ரேம்தான் போட்டிருந்தீர்களா?"

இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி. மீதமிருந்ததன் பித்தளை நிறப் பற்கள் கறுத்துக் கிடந்தன. ரப்பரால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மற்ற ஸ்லாட்டில் மாட்டினார். படம் வந்துவிட்டது. கூடவே தேதி, நேரம் தவறு என்ற எச்சரிக்கையும் வந்தது. முந்தைய சில வாரங்களாகவே தேதி பின்னுக்குப் போகிறது என்று அக்கா சொல்லியிருந்தாள். அது உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி, 3 வோல்ட் சிஆர்2032, தீர்ந்துபோனதன் அடையாளம். அதையும் மாற்றினார். மொத்தம் 350 ரூபாய். ஷார்ட் ஆன போர்டு இதுதான்!

போர்டு உண்மையிலேயே கெடுவதும் உண்டு. தண்ணீர் பட்டால் கெடும், சார்ஜிங் பகுதி எரிந்தால் கெடும். ஆனால் நிஜமாகவே சிப் லெவல் தெரிந்தவர் "போர்டு போய்விட்டது" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லமாட்டார். போர்டில் வர வேண்டிய 3.3 வோல்ட் வருகிறதா, 5 வோல்ட் வருகிறதா, மின்சாரம் எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று மீட்டரில் காட்டுவார். அதைக் கேளுங்கள். பல மாடல்களில் விளக்கு சிமிட்டும் வரிசையோ பீப் ஒலியின் எண்ணிக்கையோ எந்த உறுப்பில் கோளாறு என்று சொல்லிவிடும். அதற்கான அட்டவணை அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும், பல தயாரிப்பாளர்கள் கையேட்டைத் தங்கள் தளத்திலேயே இலவசமாகத் தருகிறார்கள்.

காணாமல் போன ரேமைக் கேட்கத் தாம்பரத்துக்கே போனோம். "வரும்போதே ஒன்றுதான் இருந்தது" என்றார். வரிசை எண்ணோடு இருந்த பழைய ரேம் பில்லைக் காட்டினோம். "அதற்குப் பிறகு எத்தனை பேர் திறந்தார்களோ" என்று கையை விரித்துவிட்டார். துண்டுச் சீட்டில் எதையும் எழுதாததன் லாபம் அவருக்கு இங்கேதான். நீங்கள் கொடுக்கும்போது மாடல், மெஷினின் வரிசை எண், எத்தனை ரேம், எத்தனை ஜிபி, டிஸ்க் உண்டா இல்லையா, அடாப்டர் கொடுத்தோமா எல்லாவற்றையும் ஜாப் கார்டில் (மெஷினை வாங்கிக்கொள்ளும்போது கடை தரும் வேலைச் சீட்டில்) எழுதச் சொல்லி, கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்குங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடை. அடிமூடியைத் திறக்கத் தெரிந்தால் உள்ளே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்தாள் அக்கா. அதன்பிறகு கடைக்காரரே அழைத்து, ஸ்டாக்கில் ஒரு 4 ஜிபி கிடக்கிறது, சும்மா தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார். அதன் வரிசை எண்ணைப் படியுங்கள் என்று அக்கா கேட்டாள். பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்தவர் இன்னும் கூப்பிடவில்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்தால் போதும். ஒரு ரேமுக்காக ஆணையம் வரைக்குமா என்று அத்தான் சிரிக்கிறார். அக்கா போவதாகத்தான் இருக்கிறாள்.