சிம் லிம்மில் உயிர் பெற்ற அப்பாவின் சிடி டிரைவ்

பழுதான கணினியின் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் "புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடும் பழக்கம் சிங்கப்பூருக்கும் வந்துவிட்டது. மெல்பர்னில் எனக்கு இது பழகிப்போன விஷயம். பழுது பார்க்கும் முன்பே கட்டணம், அதற்கும் முன்பதிவு. நம்ம ஊரில் அப்படி இருக்காது என்று நம்பித்தான் வந்தேன்.

அப்பாவிடம் இருப்பது விண்டோஸ் 7 கணினி. அக்காவின் கல்யாணப் படங்கள், 2008இல் பெருமாள் கோயிலில் எடுத்தவை, சிடியில் மட்டும்தான் இருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வருகிறது, விளக்கும் எரிகிறது. ஆனால் திரையில் டிரைவையே காணோம். பக்கத்துக் கடைத்தொகுதியில் ஒரு பெரிய கடைக்குத் தூக்கிப் போனோம். அங்கிருந்த பையன் மாடல் எண்ணைப் பார்த்தான். "இவ்வளவு பழசுக்கு ஒண்ணும் செய்ய முடியாது அங்கிள்." ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றவில்லை. அப்பா தலையாட்டிவிட்டார், எனக்குத்தான் ஆறவில்லை.

அப்புறம் சிம் லிம் ஸ்கொயர், கணினிக் கடைகள் நிறைந்த கடைத்தொகுதி. அந்தக் காலத்தில் கடைக்குக் கடை விலைப்பட்டியல் தாளை வாங்கி, படியில் உட்கார்ந்து வட்டம் போட்டு ஒப்பிடுவோமே, அந்தக் கூட்டம் இப்போது இல்லை. ஆனாலும் மேல்மாடியில், கேபிள்களுக்கு நடுவே ஒரு சீனப் பெரியவர் இருந்தார். தட்டு வருவது மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி என்றார். கணினியைப் போட்டதும் முதலில் பயாஸுக்குள் போனார், விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அமைப்புத் திரை அது. அங்கே டிரைவின் பெயர் தெளிவாக இருந்தது. அப்படியென்றால் கேபிளில் குற்றமில்லை, விண்டோஸில்தான் கோளாறு. கணினியில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் டிரைவின் மேல் மஞ்சள் குறி, பிழை எண் 39. டிரைவை இயக்கும் மென்பொருளை விண்டோஸால் ஏற்ற முடியவில்லை என்று அர்த்தம். அப்பா முன்பு சிடி எழுதும் மென்பொருள் ஒன்றை நீக்கியிருக்கிறார். அது போகும்போது, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் தன் மிச்சத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. பெரியவர் அந்தப் பகுதியை முதலில் பென் டிரைவில் படி எடுத்து வைத்தார். பிறகு அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகளை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி இயக்கினார். டிரைவ் வந்துவிட்டது!

20 வெள்ளி கேட்டார். கூடக் கொடுத்தும் வாங்கவில்லை. சிடியில் பூசியிருக்கும் சாயம் நாளாக ஆக மங்கிவிடும், இன்றைக்கே படி எடுத்துவிடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினார். இந்த அக்கறையை மெல்பர்னில் நான் காசு கொடுத்தும் பார்த்ததில்லை.

வீட்டில் இப்படிக் கணினி வைத்திருப்பவர்கள் கடைக்குத் தூக்கும் முன் பயாஸில் டிரைவின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கேபிளைக் கழற்றி அழுத்தி மாட்டுங்கள், முடிந்தால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால்தான் டிரைவைச் சந்தேகப்பட வேண்டும்.