லாரிக்குப் பின்னாலேயே போவதா, முந்துவதா?

மோட்டார்வேயில் 90-இல் ஓடும் லாரியை நெருங்கிவிட்டீர்கள். சரி, அடுத்து?

பின்னால் போவதென்றால் இடைவெளிதான் எல்லாம். 90 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். 2 நொடி இடைவெளிக்கே 50 மீட்டர் வேண்டும். மழையில் அதற்கு இரட்டிப்பு. லாரியின் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லையா? ஓட்டுநருக்கும் நீங்கள் தெரியவில்லை என்று அர்த்தம்.

110-இல் முந்தினால் அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கக் கூடாது, தாண்டிய கையோடு அதன் மூக்குக்கு முன்னால் நுழையவும் கூடாது. 40 டன் வண்டி நிற்கத் தூரம் வேண்டும். அப்படி நுழைந்துவிட்டு, ‘லாரிக்காரர் பின்னால் ஒட்டுகிறார்’ என்று புலம்புபவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். அவர் விட்டிருந்த இடைவெளியைத் தின்றது யார்?

லாரியை லாரி முந்தும் கதை வேறு. வேக வித்தியாசம் 2 கி.மீ.தான் என்றால், 16.5 மீட்டர் நீள வண்டிகள் ஒன்றையொன்று கடக்கவே 1 நிமிடம் ஆகும். பின்னால் நின்று லைட் அடித்துப் பயனில்லை. லாரியில் இருக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அதற்குமேல் வேகமெடுக்க விடாது.

வெளியேறும் வழி 2, 3 கி.மீ.யில் இருந்தால் நான் பின்னாலேயே இருந்துவிடுவேன். இல்லையென்றால் முந்துவேன், லாரி முழுவதும் நடுக்கண்ணாடியில் தெரிந்த அப்புறம்தான் லேன் மாறுவேன்.