பிரசவத்துக்குப் பிறகு: குளுக்கோஸ் டெஸ்ட்டா, மூன்று மாத சர்க்கரையா?

கர்ப்பத்தில் ஏறிய சர்க்கரை பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் இறங்கிவிடும், நாமும் மறந்துவிடுவோம். ஆனால் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட நமக்கு 7 முதல் 10 மடங்கு. அதனால் பார்க்கணுமா என்பதில் பேச்சே இல்லை, எதில் பார்ப்பது என்பதுதான். கீழக்கரையில் எங்கள் தெருவில் பலர் மூன்று மாத சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி பக்கம். நான் குளுக்கோஸ் குடித்து எடுக்கும் டெஸ்ட் பக்கம்.

வசதி என்றால் ஹெச்பிஏ1சிதான். சாப்பிட்டுவிட்டுப் போகலாம், ஒரே ஊசி, வேலை முடிந்தது. ஆனால் அது அளப்பது சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை. அந்த அணுவின் ஆயுள் சுமார் 120 நாள். பிரசவத்தில் ரத்தம் போய்ப் புது அணுக்கள் ஊறி வரும் நேரத்தில் அவற்றில் சர்க்கரை ஒட்ட அவகாசமே இருந்திருக்காது, குறைத்துக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தாலோ நேர்மாறாக, ஏற்றிக் காட்டும். நம்மில் ரத்தசோகை இல்லாமல் பிள்ளை பெற்றவர்கள் எத்தனை பேர்? போதாததற்கு அந்த மூன்று மாதத்தில் பாதி, டாக்டர் சொன்னபடி வாயைக் கட்டியிருந்த கர்ப்ப காலம். பக்கத்து வீட்டு லாத்தா அதில் நார்மல் என்று வந்த 5.5ஐ நம்பி, கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்று வேறு சொல்லிக்கொண்டு இருக்கிறார். ஏற்றும்.

குளுக்கோஸ் டெஸ்ட்டில் வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், 75 கிராம் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. முதலாவது 126, அடுத்தது 200, இதில் எதைத் தொட்டாலும் நீரிழிவு என்று சந்தேகம். இரண்டாவது 140 முதல் 199 என்றால் எல்லையில் நிற்கிறோம். வெறும் வயிற்றில் நன்றாக இருந்து, அப்புறம் மட்டும் ஏறுகிறவர்கள் இதில்தான் பிடிபடுவார்கள். எனக்கு 92, 156.

சிரமம் உண்டு. கர்ப்பத்தில் சாப்பிட்டிருந்தாலும் எடுத்தார்கள், இப்போது இரவிலிருந்து பட்டினி, அதோடு கைப்பிள்ளை, ராமநாதபுரம் பஸ், குமட்டும் இனிப்பு. ஆறு வாரத்தில் எடுக்கச் சொல்வார்கள், நாற்பது கழிந்த சமயம். பிள்ளைக்கு ஒன்றரை மாத ஊசியும் அப்போதுதான், அந்த வாரத்திலேயே தேதி வாங்கி உம்மாவைத் துணைக்குக் கூட்டிப் போனேன்.

வீட்டு மீட்டர் கண்காணிக்கச் சரி, நோயை முடிவு செய்ய அல்ல.

அதற்குப் பிறகு ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒரு முறை பார்க்கணும், எல்லையில் இருந்தால் வருடா வருடம். ரத்தசோகை தீர்ந்திருந்தால் அப்போது ஹெச்பிஏ1சியே போதும் என்றார் என் டாக்டர், இந்த வருடம் அதைத்தான் எடுத்தேன். கர்ப்பத்தில் இன்சுலின் போட்டவர்களுக்கு நான் சொல்ல ஏதுமில்லை, நான் சாப்பாட்டிலேயே சமாளித்தவள். எதை எடுத்தாலும் கர்ப்ப காலத்துச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள், காய்ச்சலுக்குப் பார்க்கும் டாக்டருக்கு நம் பழைய சர்க்கரைக் கதை தெரியாது.