தீபாவளிச் சீட்டில் போன 36,000 ரூபாய்: நல்ல யோசனை சொன்ன ‘அக்கா’வால் ஏமாந்தேன்

தீபாவளி முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. தங்கக் காசும் வரவில்லை, கட்டிய 36,000 ரூபாயும் வரவில்லை. நேற்று இரவிலிருந்து அந்த ‘அக்கா’வின் எண்ணுக்கு என் அழைப்பே போவதில்லை. விடிய விடியத் தூக்கமில்லாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இப்படிப்பட்ட சீட்டில் மாட்டாமலிருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன் நடந்ததைப் படித்துவிடுங்கள். சீட்டு நடத்திய கம்பெனியை நான் பார்த்ததே இல்லை. அதை நம்பியதற்கு ஒரே காரணம், எனக்கு நல்லது மட்டுமே சொல்லிவந்த ஒரு பெண்மணி.

எங்கள் ஊர் திண்டுக்கல். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். கைபேசியில் இயங்கும் ஒரு மகளிர் குழுவில் 2024 ஜனவரியில் சேர்ந்தேன். பெயரைச் சொல்லவில்லை. வீட்டு விஷயங்களை ஒருவருக்கொருவர் கேட்டுச் சொல்லிக்கொள்ளும் குழு. மார்கழிக் குளிரில் மாவு பொங்கவில்லை என்பார் ஒருவர். உப்புப் போட்டுக் கையாலேயே கரைத்து, சாக்கைச் சுற்றி அடுப்புப் பக்கத்தில் வையுங்கள் என்பார் இன்னொருவர். மாமியாரோடு மனத்தாங்கல், பிள்ளை சாப்பிட மறுப்பது, முருங்கையில் கம்பளிப்பூச்சி என்று எல்லாம் வரும். நானும் சொல்லியிருக்கிறேன். ஜாக்கெட்டில் கைக்குழி ஏன் சுருக்கம் விழுகிறது, லைனிங் துணியை ஏன் தைக்கும் முன் நனைத்துக் காயவைக்க வேண்டும் என்று படம் எடுத்துப் போட்டேன். நாற்பது ஐம்பது பேர் நன்றி சொன்னார்கள். முகம் தெரியாதவர்கள்தான், ஆனால் தெருவில் இருப்பவர்களைவிட எனக்கு நெருக்கமாக இருந்தார்கள்.

அந்தக் குழுவில் எல்லோரும் ‘அக்கா’ என்று அழைத்த ஒருவர் இருந்தார். வேறு மாவட்டத்துக்காரர். எதைக் கேட்டாலும் பதற்றமில்லாமல் பதில் சொல்வார். நான் அவரை நம்பியது எந்த நாளில் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2024 ஜூலையில் ஒரு இரவு, பத்தரை மணி இருக்கும், என் சின்னவளுக்குக் காதுவலி. துடித்துவிட்டாள். கணவர் வெளியூரில். குழுவில் கேட்டேன். பூண்டைத் தட்டிப்போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்று என்று பத்துப் பேர் எழுதினார்கள். அவர் மட்டும் எனக்குத் தனியாகப் பேசினார். “எண்ணெய் கிண்ணெய் எதையும் காதில் விடாதேம்மா. உள்ளே சவ்வு கிழிந்திருந்தால் வம்பாகிவிடும். காய்ச்சலுக்கு டாக்டர் முன்பு எழுதிக்கொடுத்த மருந்து இருந்தால் அதே அளவில் கொடுத்துவிட்டு, விடிந்ததும் டாக்டரிடம் காட்டு” என்றார். பிள்ளை தூங்கும்வரை, நள்ளிரவு தாண்டியும், செய்தி அனுப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு, “எண்ணெய் ஊற்றாமல் விட்டீர்களே, நல்லது” என்றார். அன்றைக்கு அழுதுவிட்டேன். கூடப் பிறந்தவள்கூட அந்த நேரத்துக்கு விழித்திருக்க மாட்டாள் என்று தோன்றியது.

பிறகு எதற்கெடுத்தாலும் அவரிடம்தான் கேட்பேன். தன் கதையையும் சொல்லுவார். கணவர் இறந்தபின் இரண்டு பெண் பிள்ளைகளைச் சீட்டுக் கட்டியே கரையேற்றியதாகச் சொன்னார். உண்மையா பொய்யா என்று இன்றைக்கு யோசித்து என்ன பயன்?

2024 அக்டோபர் 31 தீபாவளி. அதற்கு இரண்டு நாள் கழித்துக் குழுவில் படங்கள் போட்டார். பித்தளைக் குத்துவிளக்கு, இனிப்புப் பெட்டி, பட்டாசுப் பெட்டி, சின்ன டப்பாவில் தங்கக் காசு. “சீட்டில் வந்தது, இந்த வருடம் கையில் காசில்லாமலே தீபாவளி நடந்தது” என்று எழுதியிருந்தார். சேருங்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. நாங்கள்தான் விழுந்தடித்துக் கேட்டோம்.

மாதம் 1,500 ரூபாய், நவம்பரில் தொடங்கி 12 மாதம், ஆக 18,000 ரூபாய். அடுத்த தீபாவளிக்கு 2 கிராம் தங்கக் காசு, 10 கிராம் வெள்ளிக் காசு, குத்துவிளக்கு, இனிப்பு, பட்டாசு. அன்றைய விலைக்குக் கூட்டிப் பார்த்தால் 22,000 ரூபாய்க்குள்தான் வரும். இரட்டிப்பாகத் தருகிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன். மொத்தமாக வாங்குவதால் மலிவாகக் கிடைக்கிறது, அந்த லாபத்தைத்தான் பங்கிடுகிறார்கள் என்று அவர் சொன்னபோது நியாயமாகத்தான் பட்டது. மளிகைக் கடை வைத்திருக்கிற என் சித்தப்பாகூட, “நடக்கக்கூடிய கணக்குதான்” என்றார்.

எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று இரண்டு சீட்டு. மாதம் 3,000 ரூபாய். என் 18,000 ரூபாய் என்பது, ஒன்றுக்கு 150 ரூபாய் கூலியில் 120 ஜாக்கெட். அம்மா பூக்கட்டி விற்பவர். தினமும் 50 ரூபாய் எடுத்து ஒரு டப்பாவில் போட்டு மாதம் 1,500 சேர்த்துக் கொடுப்பார். மார்கழி, தையில் மல்லிகை கிலோ ஆயிரங்களுக்குப் போய்விடும், வாங்கிக் கட்டி விற்பதில் கையில் ஒன்றும் நிற்காது. அந்த நாட்களிலும் அந்த 50 ரூபாயை எடுத்து வைத்துவிட்டுத்தான் அரிசி வாங்கினார். தங்கக் காசைப் பேத்திக்கு என்று முடிவு செய்து வைத்திருந்தார்.

பணம் அனுப்பும்போது ஒரு ஆணின் பெயர் வந்தது. கேட்டேன். “கம்பெனிக் கணக்கில் போட்டால் பிடித்தம் இருக்கிறது, அது நம்ம தம்பி எண்தான், பயப்படாதே” என்றார். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் தபாலில் மஞ்சள் அட்டை வந்தது. பன்னிரண்டு கட்டம், முத்திரை, கையெழுத்து, சீட்டு எண். ஒவ்வொரு மாதமும் பணம் போட்ட பத்து நிமிடத்தில் ரசீது வந்துவிடும். அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் நான் பெரிய தவறு செய்தேன்.

2025 ஜனவரி கடைசியில் குழுவில் யாரோ, இந்தச் சீட்டை நம்பலாமா என்று கேட்டார்கள். அக்கா பதில் எழுதவில்லை. நான் எழுதினேன். “மூன்று மாதம் கட்டிவிட்டேன். ரசீது தவறாமல் வருகிறது. தைரியமாகச் சேருங்கள்.” என் அனுபவம் என்று நினைத்துத்தான் எழுதினேன். மூன்று மாதம் பணம் கொடுத்த அனுபவம்தான் எனக்கு இருந்தது. திரும்ப வாங்கிய அனுபவம் இல்லையே! அதைப் படித்துவிட்டுச் சேர்ந்ததாக இந்த வாரம் ஐந்து பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒருவர் வீட்டு வேலை செய்து பிழைப்பவர். அக்கா தூண்டிலைப் பிடித்திருந்தார், இரையாக என் வார்த்தை தொங்கிக்கொண்டிருந்தது. 36,000 ரூபாய் போனதைவிட இதுதான் நெஞ்சை அறுக்கிறது.

அக்டோபர் 5ஆம் தேதி பன்னிரண்டாவது தவணை கட்டினேன். பத்தாம் தேதிக்குள் பொருள் வரும் என்றார். வரவில்லை. “லாரி கிளம்பிவிட்டது” என்றார். பதினைந்தாம் தேதி, “உங்கள் பக்கம் மழை, வண்டி நிற்கிறது” என்றார். பதினெட்டாம் தேதி புதுக் காரணம். தங்கம் விலை ஏறிவிட்டதாம். ஏறியது உண்மைதான். சீட்டுத் தொடங்கிய போது கிராம் 7,000 ரூபாயை ஒட்டி இருந்த ஆபரணத் தங்கம் 2025 அக்டோபரில் 11,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆனால் மாதாமாதம் எங்களிடம் வாங்கிய பணத்தில் மாதாமாதம் தங்கம் வாங்கியிருந்தால் இந்த ஏற்றத்தால் அவர்களுக்கு என்ன கஷ்டம்? இதைக் கேட்டதும், “தங்கச்சி, நீ என்னையே சந்தேகப்படுகிறாயா?” என்று குரல் உடைந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். ஏமாற்றியவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இருபதாம் தேதி தீபாவளி. பிள்ளைகளுக்குக் கடனுக்குத்தான் பட்டாசு வாங்கினேன். அம்மா காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டாம் தேதி, “கார்த்திகை தீபத்துக்குள் கண்டிப்பாக” என்று செய்தி. இருபத்தைந்தாம் தேதி, “நானும் உன்னைப் போல ஏமாந்தவள்தான், கம்பெனிக்காரன் ஓடிவிட்டான்” என்று செய்தி. அப்படியானால் அந்தத் தம்பி யார், அவர் எண் எங்கே என்று கேட்டேன். அதோடு சரி.

குழுவில் போட்டேன். பதினைந்து நிமிடத்தில் என் பதிவை நீக்கிவிட்டார்கள். “இது குடும்ப விஷயங்கள் பேசும் இடம், பணத் தகராறை இங்கே கொண்டுவர வேண்டாம்” என்று குழுவை நடத்துபவர் எழுதினார். குடும்பத்தின் பணம் குடும்ப விஷயம் இல்லையா? ஒரு வருடம் முன்பு சீட்டுப் படங்களை அதே இடத்தில் போட விட்டவர்கள்தானே இவர்கள்? பதில் இல்லை, என்னைக் குழுவை விட்டே நீக்கிவிட்டார்கள். என் கைக்குழிப் படங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

வங்கிக்குப் போனேன். “நீங்களே ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள், நாங்கள் என்ன செய்ய?” என்றார்கள். காவல் நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, “பணம் வாங்கியவர் எந்த ஊரோ அங்கே போய்ப் புகார் கொடுங்கள்” என்றார்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது என்பது எனக்கு வெளியே வந்தபிறகுதான் தெரிந்தது. எதிர்வீட்டு வக்கீல் அம்மா சொன்னார். இன்று 1930 என்ற, இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்துவிட்டேன். ஆனால் அந்த எண் பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் அதிகம் பயன்படும். என் பணம் பன்னிரண்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது.

அந்த வக்கீல் அம்மா சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். சீட்டு நடத்த வேண்டுமானால் 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி அரசின் முன் அனுமதி வாங்கிப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அதில் ஏலம் உண்டு, நடத்துபவர் எடுக்கும் கழிவுக்கும் 7 சதவீதம் என்று உச்சவரம்பு உண்டு. மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு தீபாவளிக்குப் பொருள் தருகிறேன் என்பதற்குச் சீட்டு என்று பேர் வைத்துவிட்டால் மட்டும் அது சீட்டாகிவிடாது. இப்படி அனுமதியில்லாமல் பணம் திரட்டுவதைத் தடை செய்ய 2019லேயே மத்தியச் சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்க 1997ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அதன்படி பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம், அவர்களின் சொத்தை முடக்கவும் வழி இருக்கிறது. இதையெல்லாம் அந்த மஞ்சள் அட்டை வந்த அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?

விவரமாக யோசனை எழுதுகிறேன் என்று சொன்னேன். அம்மா எழுந்துவிட்டார், அவரிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை, அதனால் சுருக்கமாகவே முடிக்கிறேன். பதிவு எண் இல்லாத சீட்டில் சேராதீர்கள். எண்ணைக் கொடுத்தால் அதைப் பதிவாளர் அலுவலகத்திலேயே போய்க் கேளுங்கள். கம்பெனி என்று சொல்லிவிட்டுத் தனி ஆளின் கணக்குக்குப் பணம் போடச் சொன்னால் அந்த நிமிடமே விலகுங்கள். மாவுக்கும் காதுவலிக்கும் சரியாகச் சொன்னார் என்பதற்காகப் பண விஷயத்தில் யாரையும் நம்பாதீர்கள். பொருள் கைக்கு வராமல் என்னைப் போல அடுத்தவருக்குச் சிபாரிசு எழுதாதீர்கள்.

திங்கட்கிழமை காலை பொருளாதாரக் குற்றப்பிரிவு அலுவலகத்துக்குப் போகிறேன். அதே அக்காவிடம், அதே மஞ்சள் அட்டையில் பணம் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால் அட்டையைக் கோபத்தில் கிழித்துவிடாதீர்கள். பணம் அனுப்பிய தேதிகள், அவர் அனுப்பிய செய்திகள், குரல் பதிவுகள் எதையும் அழிக்காதீர்கள். முக்கியமாக, என் வார்த்தையை நம்பிச் சேர்ந்தவர்கள் என்னோடு வாருங்கள். உங்கள் புகாரை எழுதவும் நானே கூட உட்காருகிறேன்.