14 உளவு நாவல், ஒரே பார்கோடு, 6,480 ரூபாய்: வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

பார்சல் பிரித்து இன்னும் ஒரு நாள்கூட முடியவில்லை. கோபம் ஆறிவிட்டால் "போட்டும், சவம்" என்று விட்டுவிடுவோம். விற்றவனுக்கும் அதுதான் வேண்டும். அதனால் சூட்டோடு சூடாக எழுதுகிறது இது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஆளுக்குக் கொஞ்சம் பைசா போட்டு செட்டாகப் புத்தகம் வாங்குகிற வாசிப்பு வட்டங்கள் இருக்கின்றன. முக்கியமாக அவர்கள் படிக்கட்டும்.

ஆர்டர் செய்தது இயான் ஃப்ளெமிங்கின் ஜேம்ஸ் பாண்ட் வரிசை முழுவதும். 12 நாவல், 2 சிறுகதைத் தொகுப்பு, ஆக 14. ஒன்று 450 வீதம் 6,300, கூரியர் 180. மொத்தம் 6,480 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. விற்றது படம் போட்டு ஆர்டர் பிடிக்கிற ஒரு சமூக வலைப்பக்கக் கடை. முகவரி கிடையாது, ரசீது கிடையாது. ஒரு போன் நம்பரும் ஒரு க்யூஆர் கோடும்தான் கடை. "ஒரிஜினல், இம்போர்ட்டட், சீல் பிரிக்காதது" என்று விளம்பரம்.

450 ரூபாய்க்கு இறக்குமதிப் புத்தகமா என்று சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. அதைத் தீர்த்துவைத்தது கீழே கிடந்த வாசகர் கருத்துகள். கருத்துகள் என்றால் எல்லாமே இல்லை, ஒன்றே ஒன்று.

நாற்பதுக்கு மேல் கருத்து இருந்தது. எல்லாம் வரிசையின் முதல் நாவலான 1953-ஆம் ஆண்டு 'கஸினோ ராயல்' பற்றி. "செம புக்", "கீழே வைக்க முடியல", "டெலிவரி சூப்பர்" வகைதான் பெரும்பாலும். நடுவில் ஒருவர் மட்டும் ஆங்கிலத்தில் நீளமாக எழுதியிருந்தார். பக்காரா என்கிற சீட்டாட்ட மேசையில் கதாநாயகனுக்கு இரண்டு ராணிச் சீட்டு வருகிற இடத்தை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்தில் பத்தும் படச்சீட்டும் பூஜ்யம். கூட்டலில் கடைசி இலக்கம் மட்டும்தான் கணக்கு, ஒன்பதுக்கு மேல் கிடையாது. அதாவது கையில் இருப்பது சுத்த பூஜ்யம், மூன்றாவது சீட்டாக வருவது ஒன்பது. அந்தச் சீட்டைத் திருப்புகிற வரைக்கும் எழுத்தாளர் எப்படி இழுத்துக்கொண்டு போகிறார் என்று அலசியிருந்தார். கேவியர் என்கிற விலையுயர்ந்த மீன்முட்டை வருகிறது, தொட்டுச் சாப்பிட டோஸ்ட் போதவில்லை என்கிற இடத்துக்கும் காரணம் சொல்லியிருந்தார்: புத்தகம் வந்தபோது பிரிட்டனில் ரேஷன் நடந்துகொண்டிருந்தது, 1954 ஜூலையில்தான் முடிந்தது. அன்றைக்கு அங்கே படித்தவனுக்குத் துப்பாக்கியைவிடச் சாப்பாட்டுத் தட்டுதான் பகட்டு. கடைசியில் ஒரு குறையும் வைத்திருந்தார். சீட்டாட்டமும் சித்திரவதையும் முடிந்தபிறகு கதை ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கடலோர விடுதியிலும் போய் உட்கார்ந்துவிடுகிறது, வேகம் செத்துவிடுகிறது என்று.

விழுந்தது அங்கேதான். குறை சொல்கிறவன் காசு வாங்கி எழுதியிருக்க மாட்டான் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அது. பத்து நிமிஷத்தில் 6,480 ரூபாய் போய்விட்டது.

பிறகு அதே கருத்தின் ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்துத் தேடுபொறியில் போட்டால், வேறொரு இடத்தில், வேறொரு பெயரில், பல வருஷம் முந்திய தேதியில் நிற்கிறது. பக்காராவுக்கு ஆங்கிலத்தில் போட்ட எழுத்துப்பிழைகூட அதேதான். எழுதியவர் உண்மையான வாசகர், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் இந்தக் கடையில் வாங்கியவர் இல்லை. கதையைப் படித்ததற்குச் சாட்சி வேறு, இந்தக் கடைச் சரக்குக்குச் சாட்சி வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதற்குத்தான் இத்தனை பைசா.

மற்ற கருத்துகளை நிதானமாகப் படித்திருந்தால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும். மூன்று பேர் "போக்கர் சீன் வேற லெவல்" என்று எழுதியிருந்தார்கள். நாவலில் கதைக்கு உயிரான ஆட்டம் பக்காரா. அதைப் போக்கராக மாற்றியது 2006-ஆம் ஆண்டுத் திரைப்படம். இன்னொருவர் மாண்டினீக்ரோ வர்ணனையைப் புகழ்ந்திருந்தார். அதுவும் படத்தில் வருவது. நாவலில் சூதாட்ட விடுதி இருப்பது பிரான்சில் ஒரு கற்பனைக் கடற்கரை ஊரில். ஆஸ்டன் மார்ட்டின் காரை ஒருவர் சிலாகித்திருந்தார். இந்த நாவலில் பாண்ட் ஓட்டுவது பழைய பென்ட்லி. படம் பார்த்துவிட்டு, இல்லை படத்தின் கதைச்சுருக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, எழுதிக் கொடுத்த கருத்துகள். உண்மையாகப் படித்தவர்கள் இந்த நாவலில் சண்டைபோடுகிற விஷயங்கள் வேறு. பெண்களைப் பற்றி பாண்ட் நினைக்கிற நினைப்பு, ஆட்ட விதியை விளக்குகிற நீளம், இவ்வளவு பெரிய உளவாளி பாதிப் புத்தகத்துக்கு உட்கார்ந்து சீட்டுதானே ஆடுகிறான் என்கிற சலிப்பு. இதில் ஒன்றைக்கூடத் தொடாத நாற்பது கருத்து ஒரே பக்கத்தில் இருந்தால் உஷாராக வேண்டாமா?

இனி பார்சல்.

'சீல்' என்றது சுருங்கும் பிளாஸ்டிக் உறை. சூடான காற்று ஊதுகிற கருவி இருந்தால் யாரும் போடலாம், அதற்கு மதிப்பே இல்லை. உறையைப் பிரித்ததும் முதலில் தெரிந்தது உயரம். இந்த வகைப் பேப்பர்பேக்கின் வழக்கமான அளவு 198க்கு 129 மில்லிமீட்டர். வந்தது அதைவிடக் குள்ளம். வெட்டும்போது ஓரத்தைத் தின்றுவிட்டார்கள், சில பக்கங்களில் பக்க எண்ணின் அடிப்பாதி இல்லை. தாள் மெலிசு, பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிகிறது. எழுத்து கறுப்பாக இல்லை, சாம்பல். போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால் ஒவ்வோர் எழுத்தின் விளிம்பும் அரித்ததுபோல் இருக்கும். அசல் அச்சில் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். இது ஸ்கேன் எடுத்து அடித்தது.

'டாக்டர் நோ'வில் ஒரு பக்கத்தில் நாலு வரிக்கு அடியில் பென்சில் கோடு. யாரோ படித்த பழைய பிரதியோ என்று ரப்பர் போட்டுத் தேய்த்தால் தாள்தான் பிய்கிறது, கோடு போகவில்லை. கோடும் அச்சு! எந்த ஊரில் யார் படித்துக் கோடு போட்ட புத்தகத்தையோ ஸ்கேன் செய்திருக்கிறார்கள். அந்த மனுஷன் போட்ட கேள்விக்குறிகூட ஓரத்தில் இருக்கிறது.

14 என்று எண்ணி வாங்கியதில் 'மூன்ரேக்கர்' இரண்டு. 1966-இல் வந்த கடைசிச் சிறுகதைத் தொகுப்பைக் காணோம். அந்த இரண்டு 'மூன்ரேக்கரி'லும் சீட்டாட்டம் நடக்கிற இடத்தில் ஒரே தாள் இல்லை. இது கவனிக்க வேண்டிய அடையாளம். அச்சகத்தில் பெரிய தாளை மடித்துக் கட்டுகிற புத்தகத்தில் தவறு நடந்தால் 16 பக்கம், 32 பக்கம் என்று கற்றையாகப் போகும் அல்லது இரட்டிக்கும். ஒற்றைத் தாள், அதாவது 2 பக்கம் மட்டும் போயிருந்தால் மடிக்காமல் தாள் தாளாக அடித்து ஒட்டியது என்று அர்த்தம். இரண்டு பிரதியிலும் அதே தாள் இல்லை என்றால் ஸ்கேனிலேயே இல்லை.

பசை பைண்டிங் என்பதால் மட்டும் போலி என்று நினைக்க வேண்டாம், அசல் பேப்பர்பேக்கும் பெரும்பாலும் பசைதான். அசலில் முதுகைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி பசையை உள்ளே இறக்குவார்கள். இதில் மேலே தடவியதோடு சரி. நடுவில் விரித்தால் 'படக்'கென்று ஒரு சத்தம், பிறகு தாள் கையோடு வருகிறது. ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் பெய்கிற நம்ம ஊர் ஈரத்துக்கு இது ஒரு வருஷம் தாங்காது.

பின்னட்டையைப் பாருங்கள் என்றால் சிரிப்புத்தான் வருகிறது. 14 புத்தகத்துக்கும் ஒரே பார்கோடு, ஒரே ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனியாக இருக்க வேண்டிய அடையாள எண். பதின்மூன்று இலக்கத்தில் ஒன்றுவிட்டு ஒன்றை மூன்றால் பெருக்கிக் கூட்டினால் பத்தால் மீதியில்லாமல் வகுபட வேண்டும் என்பது விதி. இது வகுபடுகிறது, ஏனென்றால் எண் அசல், திருடியது. அதனால் கணக்குப் போடுவதோடு நிற்காமல் எண்ணைத் தேடிப் பார்த்து, எந்தத் தலைப்பு வருகிறது என்று பார்க்க வேண்டும். விளம்பரத்தில் 'முதல் பதிப்பு' என்று வேறு போட்டிருந்தான். 1953-இல் ஐஎஸ்பிஎன் என்கிற ஏற்பாடே கிடையாது, 13 இலக்கம் வந்தது 2007-இல். உண்மையான முதல் பதிப்பு ஜோனதன் கேப் வெளியிட்ட கெட்டி அட்டை, அன்றைய விலை 10 ஷில்லிங் 6 பென்ஸ். இன்றைக்கு அது ஏலத்துக்குப் போகிற சரக்கு, 450 ரூபாய்க்குத் தபாலில் வராது.

கேட்டதற்கு வந்த பதில்களை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் "லைட்டிங்ல அப்படித் தெரியுது சார்". அடுத்து "இம்போர்ட்டட் பேப்பர் அப்படித்தான் சார் இருக்கும்". பிறகு "அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா சார்?" இருந்தது, அனுப்பியாச்சு. இரண்டு நீல டிக், மூன்று மணி நேரம் மௌனம். பிறகு அடுத்த ஆர்டருக்கு 15 சதவீதம் தள்ளுபடி கூப்பன்! 6,480 ரூபாயைத் திருப்பிக் கேட்டால் கூப்பன். அதையும் வேண்டாம் என்றதும் தொனி மாறியது. "அந்த ஆளு செத்து அறுபது வருஷம் ஆச்சு சார், காப்பிரைட் இல்ல, யாரு வேணும்னாலும் அடிக்கலாம். எங்க வேணும்னாலும் கம்ப்ளெயிண்ட் பண்ணுங்க." அதோடு பிளாக்.

இந்தக் கடைசிப் பதில்தான் அதிகம் எரிகிறது, ஏனென்றால் அதில் பாதி உண்மை. ஃப்ளெமிங் இறந்தது 1964. நம் 1957 சட்டப்படி அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 வருஷம் காப்புரிமை. அதனால் அவர் உயிரோடு இருந்தபோது வந்த 12 புத்தகங்களுக்கு இந்தியாவில் 2024 முடிவோடு உரிமை தீர்ந்தது. இறந்தபிறகு வந்த இரண்டுக்கும் வெளிவந்த ஆண்டை வைத்துத் தனிக் கணக்கு. சரி, அடிக்கலாம். சொந்தப் பெயரைப் போட்டு, சொந்த அட்டை போட்டு, 120 ரூபாய்க்கு விற்கட்டும், யாரும் கேட்கப் போவதில்லை. வெளிநாட்டுப் பதிப்பகத்தின் அட்டைப்படத்தையும் முத்திரையையும் பவுண்டு விலையையும் அப்படியே போட்டு 'இம்போர்ட்டட் ஒரிஜினல்' என்று விற்பது வேறு சங்கதி. கதைக்கு உரிமை தீரலாம், பொய் சொல்ல உரிமை வந்துவிடாது.

செய்ய வேண்டியதை விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தது. இப்போது இவ்வளவுதான் வருகிறது.

வாங்குமுன் மூன்று படம் கேளுங்கள்: பதிப்பு விவரப் பக்கம், பின்னட்டை பார்கோடு, நடுவில் விரித்த பக்கம். தயங்கினால் விட்டுவிடுங்கள். 2023-இல் வந்த மறுபதிப்புகளில் சில சொற்களை மாற்றியிருக்கிறார்கள், பழைய வாசகம் வேண்டும் என்றால் பதிப்பு ஆண்டையும் கேளுங்கள். நீளமான நல்ல கருத்தைப் பார்த்தால் ஒரு வரியை எடுத்துத் தேடுங்கள். செட் வாங்காமல் முதலில் ஒன்று வாங்குங்கள். தனி ஆள் பெயரில் க்யூஆர் வந்தால் பணம் போடாதீர்கள்.

பணம் போய்விட்டால் அன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண் 1930, பிறகு வங்கி. நுகர்வோர் உதவி எண் 1915. பெரிய தளத்தில் வாங்கியிருந்தால் அவர்களுடைய குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும், இது 2020 மின்வணிக விதி. நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போடலாம். இந்த 6,480 ரூபாய்க்கும் அங்கே மனு தயாராகிறது.

இதை எழுதி முடிக்கும்போது வேறொரு நம்பரிலிருந்து பார்த்தால் அதே 14 புத்தகப் படம் இன்று காலை மறுபடி ஏறியிருக்கிறது. விலை 420 ஆகியிருக்கிறது. கீழே புதுக் கருத்து ஒன்று: "போக்கர் சீனுக்காகவே வாங்கலாம்."