கண்டா யாபு சோபா: வெறும் சேய்ரோ ஆர்டர் பண்ணுங்க

டோக்கியோ வர்ற நம்ம ஆளுங்க நிறைய பேரு சூஷி, ராமென் ரெண்டையும் முடிச்சுட்டு ஊருக்குக் கிளம்பிடறாங்க, பக்வீட்ங்கிற தானிய மாவுல செய்யற சோபா நூடுல்ஸ் பக்கம் போறதே இல்ல. அகிஹாபாரால எலக்ட்ரானிக்ஸ் கடை சுத்தறவங்களுக்கு நடக்கிற தூரத்துலயே கண்டா யாபு சோபா இருக்கு, சப்வேல வந்தா அவாஜிச்சோ ஸ்டேஷன் பக்கம். 1880ல ஆரம்பிச்ச கடை. இந்த ஊர்ல சோபாவுக்கு யாபு, சராஷினா, சுனாபான்னு மூணு பெரிய பரம்பரை, அதுல யாபுன்னா எல்லாரும் முதல்ல சொல்றது இந்தக் கடையத்தான்.

1923 நிலநடுக்கத்துக்கு அப்புறம் கட்டின மரக் கட்டடத்துல ரொம்ப காலம் நடந்துச்சு, 2013 பிப்ரவரில தீப்பிடிச்சு கட்டடம் போச்சு, 2014 அக்டோபர்ல அதே இடத்துல புதுசா கட்டித் திறந்தாங்க. புதுக் கட்டடத்துல பழைய களை எங்க இருக்கப் போகுதுன்னுதான் நானும் நெனச்சேன், ஆனா உள்ள போய் உக்காந்த கொஞ்ச நேரத்துல கல்லால இருக்கிற அம்மா நம்ம ஆர்டர கிச்சனுக்கு சொல்வாங்க பாருங்க, சாதாரணமா கத்த மாட்டாங்க, ஒவ்வொரு ஐட்டம் பேரையும் இழுத்து இழுத்து பாட்டு மாதிரி ராகமா சொல்வாங்க, ஹால் முழுக்க அது போய்ட்டு வரும், பக்கத்து டேபிள்ல பேசிட்டு இருந்தவங்க கூட ஒரு செகண்ட் நிறுத்திடுவாங்க. இதுக்காகவே கல்லா தெரியற மாதிரி இடம் கிடைச்சா விடாதீங்க.

இப்ப சாப்பாடு. மெனுல டெம்புரா இருக்கு, வாத்துக்கறி போட்ட சூடான சோபா இருக்கு, எல்லாமே நல்லாத்தான் இருக்கும், ஆனா முதல் தடவை போறவங்க தயவு செஞ்சு சேய்ரோ மட்டும் வாங்குங்க. ஆறின சோபா, தொட்டுக்க ட்சுயுங்கிற சாஸ், கொஞ்சம் வசாபி (காரமான பச்சை விழுது), நறுக்கின வெங்காயத்தாள், அவ்ளோதான். நூடுல்ஸ்ல லேசா ஒரு பச்சை ஓடும். பத்து பங்கு பக்வீட் மாவுக்கு ஒரு பங்கு கோதுமை மாவு, அதனால வாய்ல வச்சதும் மாவோட வாசனைதான் முதல்ல வரும், அதுக்கப்புறம்தான் ருசியே.

இங்க நிறைய பேர் கோட்டை விடற இடம் ட்சுயு. சோயா சாஸ், மிரின்ங்கிற இனிப்பு அரிசி ஒயின், பொனிட்டோ மீன் செதில் சாறு எல்லாம் சேர்ந்து நல்லா கெட்டியா உப்பு தூக்கலா இருக்கும், நூடுல்ஸ மொத்தமா முக்கி எடுத்தீங்கன்னா உப்பு மட்டும்தான் நாக்குல நிக்கும், அப்புறம் என்னடா இதுக்குப் போயி இவ்ளோ பேரான்னு தோணும். கொஞ்சமா எடுத்து நுனி மட்டும் நனைச்சு சத்தமா உறிஞ்சணும். கூச்சமே படாதீங்க, சுத்தி இருக்கிற பெரியவங்க எல்லாரும் அப்படித்தான் சாப்பிடறாங்க, காத்தோட சேர்த்து உறிஞ்சும்போதுதான் அந்த வாசனை மூக்குக்கு ஏறும். வசாபிய ட்சுயுல கரைக்காம நூடுல்ஸ் மேலயே துளியூண்டு வச்சு சாப்பிட்டுப் பாருங்க, எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு.

முடிச்சதும் உடனே எழுந்திரிக்காதீங்க! சோபா வேகவச்ச தண்ணிய சூடா கொண்டு வந்து வைப்பாங்க, சோபாயுன்னு பேரு, நம்ம வடிகஞ்சி மாதிரி லேசா கொழகொழன்னு இருக்கும். மிச்சம் இருக்கிற ட்சுயுல அத ஊத்திக் குடிக்கணும். அவ்ளோ உப்பா இருந்த அதே ட்சுயு இதோட சேர்ந்ததும் அருமையான சூப் ஆயிடும், எனக்கு மொத்த சாப்பாட்டுலயும் இதுதான் டாப், இதக் குடிக்காம போறவங்கள பாத்தா நிஜமாவே வருத்தமா இருக்கு.

விலை ஒரு சேய்ரோவுக்கு 1000 யென்னுக்கு மேல வரும், அளவு கம்மி, பசியோட போனா ரெண்டு சொல்லிடுங்க. டிப்ஸ் கிடையாது. பக்வீட் அலர்ஜி இருக்கிறவங்க கண்டிப்பா போகவே கூடாது, அது சீரியஸான விஷயம். கோதுமையும் கலந்திருக்கு, அதனால க்ளூட்டன் ஒத்துக்காதவங்களும் தவிர்க்கணும். சைவம் சாப்பிடறவங்களுக்கு ட்சுயுல மீன் இருக்கு, அது இல்லாம சேய்ரோ சாப்பிடறதுல அர்த்தமே இல்ல.

லஞ்ச் கூட்டம் அடங்கினப்புறம் போனா நிதானமா சாப்பிடலாம். டிசம்பர் 31 மட்டும் வேண்டாம், வருஷக் கடைசில சோபா சாப்பிடறது இங்க வழக்கம், க்யூ தெருவச் சுத்திப் போகும். சாப்பிட்டு வெளிய வந்தா பக்கத்துலயே 1930ல ஆரம்பிச்ச தகேமுராங்கிற இனிப்புக் கடை இருக்கு, போர்க் காலக் குண்டுவீச்சுல தப்பிச்ச ஏரியாங்கிறதால அந்த மரக் கட்டடம் அப்படியே நிக்குது. இனிப்பு பயறு பூரணம் வச்சு எண்ணெயில பொரிச்ச அகேமஞ்சு அங்க சூடா கிடைக்கும், ரெண்டு வாங்கிக்கங்க.