மாட வீதிச் சந்தில் ஓர் எழுதுபொருள் கடை

மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய சந்து ஒன்றில், இருவர் உள்ளே நின்றால் மூன்றாமவர் படியிலேயே காத்திருக்க வேண்டிய அளவில் இயங்கும் இந்த எழுதுபொருள் கடைக்கு, மகளின் நோட்டுகளுக்கு அட்டை போடப் பழுப்புத்தாள் வாங்கத்தான் முதலில் சென்றேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நீர்வண்ணக் கட்டிகளைக் கண்டதும், பள்ளி நாட்களோடு கைவிட்ட ஓவிய ஆசை மீண்டும் தலைதூக்கியது.

கடைக்காரரான பெரியவர், விலை உயர்ந்ததை வாங்க வந்தவர் தலையில் கட்டுபவர் அல்லர். "முதல்ல சின்னதா வாங்குங்க சார், கை பழகட்டும்" என்றவர், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த தாளின் ஓரத்துண்டு ஒன்றையும் சாதாரண வரைதாள் ஒன்றையும் எடுத்து, இரண்டின் மீதும் ஈரத் தூரிகையை இழுத்துக் காட்டினார். மெல்லிய தாள் உடனே அலையலையாக நெளிந்தது. தடித்த தாள் அசையவில்லை. இணையத்தில் வாங்கியிருந்தால் இந்தப் பாடம் எனக்குக் கிடைத்திருக்காது.

அங்கு வாங்கிய உள்ளங்கை அளவு ஓவியப் புத்தகத்துடன் இப்போது ஞாயிறுதோறும் லஸ் அருகிலுள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குச் செல்கிறேன். அமிர்தாஞ்சன் நிறுவனரின் பெயரைத் தாங்கிய அப்பூங்காவைப் பல ஆண்டுகளாக நடைப்பயிற்சிக்கு மட்டுமே பயன்படுத்திய எனக்கு, மர நிழலில் எவ்வளவு நீலம் கலந்திருக்கிறது என்பது வரையத் தொடங்கிய பிறகே தெரிந்தது.

தூரிகை மட்டும் ஏமாற்றம்: 6ஆம் எண் தூரிகை இரண்டே வாரத்தில் முடி உதிர்த்தது, மாற்றித் தரவும் இல்லை. பிற்பகல் 1 முதல் 4 மணி வரை கடை மூடியிருக்கும். சில்லறையுடன் செல்வது நல்லது.